ஹெட்விக் போர்ஷுட்ஸின் நிராகரிக்கப்பட்ட மனு

1958-ல் மேற்கு பெர்லின் நகர அரசு ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கியது. ஹிட்லர் ஆட்சியில் யூதர்களை ஒளித்து வைத்தும், சோறு போட்டும் காப்பாற்றிய சாதாரண ஜனங்களைத் தேடிப் பிடித்துப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பது, கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு உதவித்தொகையும் கொடுப்பது என்று முடிவு செய்தது. உள்துறைப் பொறுப்பில் இருந்த யோஆகிம் லிப்ஷிட்ஸ் இதில் முனைப்பாக இருந்தார். 'பாடப்படாத நாயகர்கள்' என்பது திட்டத்தின் பெயர். 1960-களின் நடுப்பகுதி வரை 738 பேரைக் கௌரவித்தார்கள். ஜெர்மனியில் வேறு எந்த ஊரும் இதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லாத காலம் அது.

மனு போட்டவர்களில் ஹெட்விக் போர்ஷுட்ஸ் என்ற பெண்ணும் ஒருவர். அலெக்சாண்டர் சதுக்கத்துக்குப் பக்கத்தில், கூரைக்கு அடியில் இருந்த தன் சின்ன வீட்டில் 1943-ல் நான்கு யூதப் பெண்களைத் தங்கவைத்தவர். அவர்களில் இருவர் இரட்டைப் பிறவிகள். ஒளிந்திருந்த மற்றவர்களுக்கும் கள்ளச்சந்தையில் உணவு வாங்கிக் கொடுத்திருக்கிறார். 1944-ல் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். போர் முடிந்த பிறகு வசதி என்று எதுவும் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார்.

அவருடைய மனுவை நிராகரித்துவிட்டார்கள். அவர் ஒரு காலத்தில் பாலியல் தொழில் செய்தவர் என்பதுதான் சிக்கல். நம் ஊரில் சொல்வதுபோல, 'நடத்தை சரியில்லை'. அதைவிடக் கொடுமை, அவருடைய நடத்தையை எடைபோட அதிகாரிகள் எடுத்துக்கொண்ட ஆவணம் அவரைச் சிறைக்கு அனுப்பிய நாஜி காலத்து நீதிமன்றத்தின் தீர்ப்பு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யூதர்களைக் காப்பாற்றியவர்களைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அதில் எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து போகிறார்கள். பிரான்ஸில் ஒரு மலைக் கிராமத்தையே அடைக்கலமாக மாற்றிய பாதிரியார் ஆந்த்ரே த்ரோக்மே, யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவிலிருந்து குழந்தைகளை வெளியே கொண்டுவந்த சமூகநலப் பணியாளர் இரேனா செண்ட்லர் என்று அந்தப் பட்டியல் நீளும். அவர்களைப் பற்றித் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் என் மனதை விட்டுப் போகாமல் இருப்பவர் ஹெட்விக்தான். ஏனென்றால் 1943-ன் பெர்லினில் ஓர் ஆளை உயிரோடு வைத்திருக்க என்ன தேவைப்பட்டது என்று கொஞ்சம் விவரமாகப் பார்த்தால், அந்த மனுவை நிராகரித்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும்.

பெர்லினிலிருந்து யூதர்களை ரயிலேற்றிக் கிழக்கே சாவுக்கு அனுப்புவது 1941 அக்டோபர் 18-ல் தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் யூதர்கள் எல்லோரும் அடையாளத்துக்காகச் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்ற உத்தரவு அமலுக்கு வந்திருந்தது. நகரத்தில் சுமார் 7,000 யூதர்கள் நட்சத்திரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தலைமறைவானார்கள். போர் முடிந்தபோது அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் ஏறத்தாழ 1,700 பேர்.

ஒளிந்திருப்பது என்றால் ஓர் அறைக்குள் உட்கார்ந்திருப்பது மட்டும் இல்லை. போர் தொடங்கியதிலிருந்தே ரொட்டி, இறைச்சி, வெண்ணெய் எல்லாம் ரேஷன் அட்டைக்குத்தான். தலைமறைவானவருக்கு அட்டை கிடையாது. வைத்துக் காப்பாற்றும் குடும்பத்தின் ரேஷனோ அவர்களுக்கே போதாது. அக்கம்பக்கத்தில் யார் வருகிறார், யார் போகிறார் என்று கவனிக்கவே கட்சி ஆள் ஒருவர் ஒவ்வொரு குடியிருப்பு வட்டாரத்துக்கும் உண்டு. குண்டுவீச்சு நேரத்தில் எல்லோரும் நிலவறைக்கு ஓடும்போது, ஒளிந்திருப்பவர் மேலேயே இருக்க வேண்டும். கீழே போனால் "இது யார்?" என்று யாராவது கேட்பார்கள். ராணுவத்தில் சேரும் வயதுள்ள ஆண் பகலில் தெருவில் நடந்தாலே காகிதம் கேட்பார்கள். அதனால் ஒருவரே ஓரிடத்தில் நீண்ட நாள் இருக்க முடியாது. இரண்டு வாரம் இங்கே, ஒரு மாதம் அங்கே என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் தப்பினார் என்றால் அவருக்குப் பின்னால் பல வீடுகள், பல அடுப்புகள் இருந்தன என்று அர்த்தம்.

சரி, இதற்கெல்லாம் யார் தேவை? நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது. வெண்ணெயும் இறைச்சியும் அட்டை இல்லாமல் எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். எந்த அதிகாரி எதற்கு மசிவார் என்று தெரிந்திருக்க வேண்டும். முகம் மாறாமல் பொய் சொல்ல வர வேண்டும். சட்டத்துக்குப் பயந்து, வரிசையில் நின்று, ஒழுங்காக வாழ்ந்த குடும்பங்களுக்கு இதில் பழக்கம் இல்லை. ஹெட்விக்குக்கு இருந்தது.

அவரை இந்த வேலைக்குள் கொண்டுவந்தவர் ஒட்டோ வைட். 1883-ல் ரோஸ்டாக் நகரில் பிறந்தவர். சுவர்களுக்கு அலங்காரக் காகிதம் ஒட்டுவது முதலில் அவர் தொழில். இளம் வயதில் அரசதிகாரமே வேண்டாம் என்று சொன்ன அரசியல் கூட்டத்தோடு பழகியவர், போரை வெறுத்தவர். நடுவயதில் கண்பார்வை மங்கி ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. தொழிலை விட்டு, பார்வையற்றவர்கள் வழக்கமாகச் செய்யும் பிரஷ், துடைப்பம் கட்டும் வேலையைக் கற்றுக்கொண்டார். சொந்தமாக ஒரு பட்டறை போட்டார். 1940-ல் அதை ரோசன்தாலர் தெரு 39-ம் எண் கட்டடத்துக்கு மாற்றினார். யூதர்கள் நிறையப் பேர் வாழ்ந்த பகுதி அது.

அந்தப் பட்டறையில் ஏறத்தாழ முப்பது யூதர்கள் வேலை செய்தார்கள். பெரும்பாலும் பார்வையற்றவர்கள், செவித்திறன் இல்லாதவர்கள். குதிரை மயிரைக் கைகளால் தடவித் தரம் பிரித்து, துளையிட்ட மரக்கட்டையில் கம்பியால் இழுத்துக் கட்டும் வேலை. ராணுவம் பிரஷ் வாங்கியது. அதனால் அது 'போருக்கு முக்கியமான' தொழிற்கூடம் என்று பதிவாகியிருந்தது. அந்த ஒரு முத்திரைதான் அங்கே வேலை செய்தவர்களை ரயிலில் ஏறாமல் வைத்திருந்தது. வைட் ராணுவத்துக்கு விற்றது கொஞ்சம். மீதியைக் கணக்கில் காட்டாமல் கள்ளச்சந்தையில் கொடுத்து, அதற்குப் பதிலாக வாசனைத் திரவியம், மது, நல்ல உணவுப் பண்டம் என்று வாங்கி, கெஸ்டபோ என்ற நாஜி ரகசியப் போலீஸின் அதிகாரிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பது பேரின் உயிர் மாதாமாதம் இப்படி நீட்டிக்கப்பட்டது.

1942-ல் வந்த ஓர் உத்தரவைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பார்வையற்றவர்கள் தெருவில் நடக்கும்போது வண்டிக்காரர்களுக்குத் தெரிவதற்காகக் கையில் கட்டும் மஞ்சள் பட்டை உண்டு, மூன்று கறுப்புப் புள்ளிகள் போட்டது. பார்வையற்ற யூதர்கள் அதைக் கட்டக்கூடாது என்று தடை போட்டார்கள். நட்சத்திரம் மட்டும் இருக்க வேண்டும். கொல்ல வேண்டும் என்று முடிவு செய்த பிறகும், உட்கார்ந்து யோசித்து, இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

அதே வருடம் ஒரு நாள் கெஸ்டபோ வைட்டின் தொழிலாளர்கள் பலரைப் பிடித்துக்கொண்டு போய், க்ரோஸ் ஹம்பர்கர் தெருவில் இருந்த தடுப்பு இல்லத்தில் வைத்தது. அங்கிருந்து அடுத்தது ரயில்தான். வைட் நேராக அங்கே போனார். இவர்கள் இல்லாவிட்டால் ராணுவத்துக்குக் கொடுக்க வேண்டிய சரக்கைக் கொடுக்க முடியாது என்று வாதாடினார். கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருப்பார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. விட்டுவிட்டார்கள். பார்வை மங்கிய அந்த மனிதர் முன்னால் நடக்க, நட்சத்திரம் தைத்த பார்வையற்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க, பட்டப்பகலில் தெரு வழியாகப் பட்டறைக்குத் திரும்பினார்கள்.

இதை நமக்குச் சொன்னவர் இங்கா டாய்ச்க்ரோன். பட்டறை அலுவலகத்தில் வேலை பார்த்த இளம்பெண். பார்வை உள்ள யூதர்களை அலுவலக வேலைக்கு வைக்க வைட்டுக்கு அனுமதி இல்லை. அதனால் சோதனைக்கு ஆள் வந்தால் இங்கா மறைந்துகொள்ள வேண்டும். பிறகு, தலைமறைவான காலத்தில், அவர் வேலை பார்ப்பதற்கு வேறொரு பெண்ணின் வேலைப் புத்தகத்தை (வேலையில் சேரக் காட்ட வேண்டிய அரசு ஆவணம்) வைட் ஏற்பாடு செய்து கொடுத்தார். அந்தப் புத்தகத்தின் சொந்தக்காரியும் பாலியல் தொழிலாளிதான்.

டாய்ச்க்ரோனையும் அவர் அம்மாவையும் முதலில் ஒளித்து வைத்தவர்கள் சலவைக்கடை வைத்திருந்த எம்மா, ஃப்ரான்ஸ் கும்ஸ் தம்பதி. எம்மாவுக்குத் தெரிந்த ஒரு பையன் கிழக்கே ராணுவத்தில் இருந்து வந்தபோது, யூதர்களை அங்கே என்ன செய்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறான். உடனே எம்மா இவர்களிடம், "நீங்கள் அந்த ரயிலில் ஏறமாட்டீர்கள் என்று எனக்கு வாக்குக் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற மாதிரி சத்தியம் வாங்கிக்கொண்டார். அரசியல் பேசத் தெரிந்தவர் இல்லை. துணி துவைத்துப் பிழைத்தவர். அக்கம்பக்கத்தார் சந்தேகப்பட ஆரம்பித்த பிறகு தாயும் மகளும் வீடு வீடாக மாறி, கடைசியில் போட்ஸ்டாமில் ஆடு கட்டியிருந்த ஒரு கொட்டகையில் தங்கித் தப்பினார்கள்.

எல்லோருக்கும் அப்படி முடியவில்லை. 1943 பிப்ரவரி 27-ல் பெர்லின் தொழிற்சாலைகளில் மிச்சமிருந்த யூதத் தொழிலாளர்களை ஒரேயடியாக வளைத்துப் பிடித்தார்கள். சில நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ரயிலேற்றப்பட்டார்கள். வைட்டின் ஆட்களில் பெரும்பாலோரும் போய்விட்டார்கள். ராணுவ முத்திரையும் மதுப்புட்டிகளும் அதற்கு மேல் செல்லவில்லை. அப்போதுதான் வைட் ஆட்களை வேலைக்கு வைத்துக் காப்பாற்றுவதை விட்டு ஒளித்து வைத்துக் காப்பாற்றத் தொடங்கினார். பட்டறையின் கடைசி அறைக்கு ஜன்னல் கிடையாது. அதன் கதவை ஒரு துணி அலமாரியால் மறைத்து, அலமாரியின் பின்பக்கத்தின் வழியாக உள்ளே போகும்படி செய்தார். ஹயிம் ஹோர்ன், அவர் மனைவி மாஹ்லா, பிள்ளைகள் மாக்ஸ், ரூத் ஆகிய நால்வரும் அதற்குள் பல மாதங்கள் இருந்தார்கள்.

அந்த அறைக்குள் நான் நின்றிருக்கிறேன். இப்போது அது அருங்காட்சியகம். ஹக்கெஷர் சந்தைக்குப் பக்கத்தில், சுவரெல்லாம் ஓவியம் வரைந்த முற்றத்தின் வழியாக உள்ளே போய் மாடி ஏற வேண்டும். பட்டறை அறைகள் பெரிய மாற்றம் இல்லாமல் அப்படியே இருக்கின்றன. கடைசி அறையில் நாலு பேர் படுத்தால் நடக்க இடம் இருக்காது. பகலில் சுவருக்கு அந்தப் பக்கம் வேலை நடக்கும், வெளியாட்கள் வந்து போவார்கள், அதனால் சத்தம் கூடாது. இரண்டு பிள்ளைகளை அத்தனை மாதம் அப்படி வைத்திருந்த மாஹ்லாவைப் பற்றித்தான் அங்கே நின்றபோது நினைத்துக்கொண்டிருந்தேன். 1943 அக்டோபரில் யாரோ காட்டிக்கொடுக்க, கெஸ்டபோ வந்தது. நால்வரும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கொல்லப்பட்டார்கள்.

வைட்டின் கதையைச் சொல்பவர்கள் பலர் இந்த இடத்தை ஓரிரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒளித்து வைத்தவர்களின் கதைகளில் பல இப்படித்தான் முடிகின்றன. தோற்றுப்போனவர்களும் அதே ஆபத்தைத்தான் தலையில் சுமந்தார்கள், அதே ரொட்டியைத்தான் தேடி அலைந்தார்கள்.

அதே மாதத்தில் பட்டறைச் செயலாளராக இருந்த அலீஸ் லிஷ்டும் அவர் பெற்றோரும் பிடிபட்டார்கள். வைட் ஒரு கிடங்கில் அவர்களை மறைத்து வைத்திருந்தார். மூவரையும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே உணவுப் பொட்டலம் அனுப்ப வழி இருந்தது. வைட்டும் கூட்டாளிகளும் அலீஸ் குடும்பத்துக்கும் அங்கே இருந்த பழைய தொழிலாளர்களுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் அனுப்பினார்கள். அந்தப் பொட்டலங்களுக்கான சாமான்கள் எங்கிருந்து வந்தன? ஹெட்விக்கிடமிருந்து. பசியில் இருக்கும் ஒரு நகரத்தில், அட்டை இல்லாமல், நூறு பொட்டலத்துக்குச் சாமான் சேர்ப்பது எப்பேர்ப்பட்ட வேலை!

1944 மே மாதத்தில் அலீஸை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். ரயிலிலிருந்து அவர் வைட்டுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி வெளியே எறிந்தார். வழியில் யாரோ அதைக் கண்டெடுத்து அஞ்சலில் சேர்த்திருக்கிறார்கள். கண்டெடுத்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. அட்டை பெர்லினுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பார்த்ததும் ஏறக்குறைய பார்வையே இல்லாத, அறுபது வயது தாண்டிய வைட் என்ன செய்தார் தெரியுமா? பிரஷ் விற்கும் வியாபாரி என்று சொல்லிக்கொண்டு ஆஷ்விட்ஸுக்கே போனார். அதற்குள் அலீஸை கிறிஸ்டியான்ஸ்டாட் என்ற இடத்தில் இருந்த உழைப்பு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே போய், முகாமுக்குள் வேலைக்குப் போய்வந்த ஒரு போலந்துக்காரர் மூலம் அவருக்குச் செய்தி அனுப்பி, வெளியே ஒரு விடுதியில் துணி, பணம், மருந்து எல்லாம் அவருக்காக வைத்துவிட்டு வந்தார். 1945 ஜனவரியில் முகாமைக் காலி செய்து கைதிகளை நடத்திக்கொண்டு போனபோது அலீஸ் தப்பித்து, பெர்லின் வந்து சேர்ந்தார். வைட்டின் வீட்டிலேயே ஒளிந்திருந்து போரின் முடிவைப் பார்த்தார். அவருடைய பெற்றோர் பிழைக்கவில்லை.

அலீஸ் மேல் வைட்டுக்கு இருந்த பிரியத்தைப் பற்றிச் சிலர் கிசுகிசுப்பாக எழுதுவார்கள். இருந்தால் என்ன? பிரியம் இருந்த இடத்துக்குத்தானே மனிதன் உயிரைப் பணயம் வைத்துப் போவான்.

இனி ஹெட்விக்குக்கு வருகிறேன். ஜெர்மனிக்குள் யூதரை ஒளித்து வைப்பதற்கென்று மரண தண்டனைச் சட்டம் இருக்கவில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் இருந்தது. அங்கே குடும்பத்தோடு சுட்டுக் கொன்றார்கள். ஜெர்மானியர்களுக்கு, யூதர்களோடு நட்பு பாராட்டினால் சில மாதம் முகாமில் அடைக்கலாம் என்று 1941 அக்டோபரில் ஓர் உத்தரவு வந்திருந்தது. ஆனால் பெரும்பாலும் வேறு சட்டங்களில்தான் மாட்டிவிட்டார்கள். கள்ளச்சந்தை, ரேஷன் மோசடி, போலி ஆவணம், இவை போதுமாக இருந்தன. ஹெட்விக்கையும் 1944-ல் கள்ளச்சந்தைக் குற்றத்துக்காகத்தான் பிடித்தார்கள். ஒன்றரை வருடக் கடுங்காவல். அவர் யூதர்களை வைத்திருந்ததோ, பொட்டலம் அனுப்பியதோ வழக்கில் வரவில்லை. அவர் அதைச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் எத்தனை பேர் மாட்டியிருப்பார்கள்!

இதுதான் பிறகு அவருக்கு வினையாக வந்தது. ஆவணத்தில் இருந்தது கள்ளச்சந்தைக்காரி என்ற பெயர் மட்டும். எந்த வாய்க்கு எந்த வெண்ணெய் போனது என்று தீர்ப்பில் எழுதியிருக்காது. அரசியல் காரணத்தால் துன்புறுத்தப்பட்டவர் என்ற அங்கீகாரமும் அவருக்குக் கிடைக்கவில்லை, 'பாடப்படாத நாயகர்' பட்டமும் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அவரால் பிழைத்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். சாட்சி சொல்லவும் தயாராக இருந்தார்கள். அதிகாரிகளுக்கு வேண்டியிருந்தது வேறு. போரில் தோற்று, உலகத்தின் முன் தலைகுனிந்து நின்ற ஒரு சமூகத்துக்கு, எடுத்துக்காட்டுவதற்குக் கறையில்லாத முகங்கள் வேண்டியிருந்தன. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நான்கு பெண்கள் தங்குவதற்கு இடம் தேடியபோது கறையில்லாத முகங்களின் கதவுகள் பெரும்பாலும் சாத்தியே இருந்தன என்பதையும் அந்த அதிகாரிகள் அறிந்திருப்பார்கள். அவர்களும் அதே நகரத்தில்தான் வாழ்ந்தவர்கள்.

வைட் போருக்குப் பிறகு, முகாம்களிலிருந்து மீண்டுவந்த யூதக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஓர் இல்லம் அமைக்க உழைத்தார். 1947 டிசம்பரில் இறந்துபோனார். 1971-ல் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம், யூதர்களைக் காப்பாற்றிய பிற மதத்தவர்களுக்குத் தரும் 'உலக நாடுகளின் நீதிமான்' என்ற கௌரவத்தை அவருக்குக் கொடுத்தது. ஹெட்விக் 1977-ல் இறந்தார். அப்போது அவரை யாருக்கும் தெரியாது.

டாய்ச்க்ரோன் சும்மா இருக்கவில்லை. பத்திரிகையாளராகி, இஸ்ரேலில் வாழ்ந்து, பிறகு மீண்டும் பெர்லினுக்கு வந்து, பட்டறையை அருங்காட்சியகமாகக் காப்பாற்றப் போராடினார். தன்னைக் காப்பாற்றியவர்களின் பெயரைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொன்னார். 2022-ல், 99 வயதில் மறைந்தார். ஹெட்விக்கின் கோப்புகளை வரலாற்றாசிரியர் யோஹானஸ் துஹெல் தேடி எடுத்து ஆராய்ந்து எழுதிய பிறகுதான் அவருக்கும் விடிவு வந்தது. 2011-ல் அவருக்கு எதிரான நாஜி காலத் தீர்ப்பு ரத்தானது. 2012-ல் ஷோனபெர்க் பகுதியில் அவருக்கு நினைவுப் பலகை வைத்தார்கள். அதே வருடம் யாத் வஷேம் அவரையும் நீதிமானாக அங்கீகரித்தது. இறந்து 35 வருடம் கழித்து.

அந்தத் திட்டத்தில் கௌரவம் பெற்ற 738 பேரின் பெயர்கள் பதிவில் இருக்கின்றன, அது நல்ல விஷயம். மனு தள்ளப்பட்டவர்களின் கோப்புகளும் இருக்கும். ஹெட்விக்குக்கு ஒரு துஹெல் கிடைத்தார். மற்றவர்களின் கோப்புகளையும் யாராவது ஒவ்வொன்றாகத் திறந்து, காரணம் என்று என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க வேண்டும்.